ஊர்ப் பேருக்கு ஒரு விலை, உழுதவனுக்கு ஒரு விலையா?

உத்திரமேரூர் வட்டார சிறு, குறு விவசாயிகளே! விவசாயத் தாய்மார்களே!

மிளகாய் நாற்றங்காலில் நாற்று அழுகினால் என்ன செய்கிறோம்? மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர். தனித்தனியாகக் கரைத்து ஒன்றாக ஊற்றி அடிக்கிறோம். அதற்கு வேளாண்மை ஆபீசில் சொல்லும் பேர் போர்டோ கலவை. யார் இந்த போர்டோ? ஆள் பேர் இல்லை. பிரான்ஸ் நாட்டில் ஓர் ஊர். உலகத்திலேயே அதிக விலைக்குச் சிவப்பு ஒயின் விற்கிற ஊர்களில் ஒன்று. அங்கே ரோட்டோரத் தோட்டக்காரர்கள், போகிறவன் வருகிறவன் பழத்தைப் பறிக்கிறானே என்று துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து கொடி மேல் தெளித்து வைத்தார்கள். விஷம் என்று பயப்படட்டும் என்பதுதான் எண்ணம். மற்ற தோட்டமெல்லாம் அடிச்சாம்பல் நோயில் கருகிப் போக, ரோட்டோரக் கொடி மட்டும் பச்சையாக நின்றது. மில்லார்டே என்ற பேராசிரியர் அதைக் கவனித்து 1885இல் உலகத்துக்குச் சொன்னார். கண்டுபிடிச்சது தோட்டக்காரன், பேர் வாங்கினது ஊர்!

"நமக்கும் ஒயினுக்கும் இன்னா சம்பந்தம்? நோட்டீஸ் அடிக்க வேற விஷயமே கிடைக்கலையா?" என்று கேட்பீர்கள். சங்கக் கூட்டத்தில் எங்களையும் அப்படித்தான் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. பொறுமையாகப் படியுங்கள்.

ஒரு பாட்டில் ஒயினுக்கு எவ்வளவு திராட்சை வேண்டும்? ஒரு கிலோ, மிஞ்சினால் ஒண்ணேகால் கிலோ. அதே ஒரு கிலோ பழம்தான் போர்டோவில் பெரிய பண்ணையில் விளைந்தால் பாட்டில் பல ஆயிரத்துக்கும் லட்சத்துக்கும் விற்கிறது. பக்கத்தில் பேர் தெரியாத ஊரில் விளைந்தால் சில நூறு ரூபாய்க்குப் போகிறது. மண்ணும் நுட்பமும் வேறு, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பத்து மடங்கு, நூறு மடங்கு வித்தியாசம் மண்ணால் மட்டும் வந்ததா? பாட்டில் மேல் ஒட்டின பேருக்கு வந்த விலை அது.

அதனால்தான் விவரம் தெரிந்தவன் பேர் பெற்ற ஊர்ச் சரக்கை விட்டுவிட்டு, பேர் வராத ஊரைத் தேடிப் போகிறான். போர்ச்சுகலில் அலென்தேஜோ, ஸ்பெயினில் ஹுமியா, பிரான்சிலேயே தெற்கே லாங்குடாக், சிலியில் மௌலே. இங்கெல்லாம் வெயில் உண்டு, பழைய கொடி உண்டு, விளம்பரச் செலவு கம்மி. கொடுக்கிற காசுக்கு நல்ல சிவப்பு ஒயின் கிடைக்கும். ஒரகடம் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற நம்ம பிள்ளைகள் யாராவது கேட்டால் இதைச் சொல்லலாம், தப்பில்லை. குடிக்காமல் இருந்தால் அதைவிட நல்லது, அது வேறு விஷயம்.

குடிக்கிறவனுக்கு அது லாபமான சரக்கு. விளைவிக்கிறவனுக்கு? பேர் இல்லாத ஊரில் விளைந்ததாலேயே குறைந்த விலைக்குக் கொடுக்கிறானே, அவன் யார்? அவன் நாம்தான்! நம்ம கழனி நெல் எங்கே போகிறது என்று யோசித்துப் பாருங்கள். களத்து மேட்டில் வியாபாரி எடை போடுகிறான். ஆரணிக்கும் செங்குன்றத்துக்கும் லாரி போகிறது. அங்கே மில்லில் அரைத்து, பாலீஷ் போட்டு, 25 கிலோ பையில் ஏறி, திரும்பவும் நம்ம பஜார் கடைக்கே வருகிறது. பையில் சாமி படம் இருக்கும், ஆரணி பேர் இருக்கும். உத்திரமேரூர் பேரோ, சாலவாக்கம் பேரோ, மானாம்பதி பேரோ இருக்குமா? நாமே விளைவித்ததை நாமே வேற ஊர்ப் பேரில் வாங்கிச் சாப்பிடுகிறோம்.

மேலே சொன்ன லாங்குடாக் கதையை விவரமாகச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் அங்கே நடந்தது ஒயின் கதை மட்டும் இல்லை, விவசாயப் போராட்டக் கதை.

1900க்குப் பிறகு அந்தப் பகுதியில் ஒயின் விலை அதலபாதாளத்துக்கு விழுந்தது. விளைச்சல் கூடினது ஒரு காரணம். விவசாயிகள் கொதித்தது இன்னொரு காரணத்துக்கு. வியாபாரிகள் சர்க்கரையையும் தண்ணீரையும் கலந்து, திராட்சை கொஞ்சமே கொஞ்சம் சேர்த்து, ஒயின் என்று விற்றார்கள். கொடியில் விளைந்தது தொட்டியில் கிடந்து புளித்தது, சர்க்கரைத் தண்ணீர் சந்தையில் விற்றது. 1907 மார்ச் 11ஆம் தேதி ஆர்ஜெலியே என்ற சின்ன கிராமத்திலிருந்து 87 பேர் நர்போன் ஊருக்கு நடந்தே போனார்கள், விசாரிக்க வந்த கமிட்டியிடம் முறையிட. தலைமை மார்செலின் ஆல்பெர். கொஞ்சம் தோட்டமும் ஒரு காப்பிக் கடையும் வைத்திருந்த சாதாரண ஆள். வெறும் 87 பேர்! நம்ம ஊரில் ஒரு தெருவில் இருக்கிற ஆள்.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் கூட்டம். ஒரு வாரம் ஒரு ஊர், அடுத்த வாரம் அதைவிடப் பெரிய ஊர். ஜூன் 9ஆம் தேதி மோம்பெலியே நகரத்தில் கூடியவர்கள் 5 லட்சத்துக்கும் மேல். வரி கட்ட மாட்டோம் என்றார்கள். ஊர் ஊராக மேயர்கள் பதவியைத் தூக்கிப் போட்டார்கள். அரசாங்கம் பட்டாளத்தை அனுப்பியது. நர்போனில் துப்பாக்கிச் சூடு, உயிர்ப் பலி. அப்போது என்ன நடந்தது தெரியுமா? 17ஆவது படைப்பிரிவுச் சிப்பாய்கள் அந்த மாவட்டத்துப் பிள்ளைகள். அப்பன் ஆத்தாள் மேல் சுட மாட்டோம் என்று துப்பாக்கியோடு முகாமை விட்டு பெசியே நகரத்துக்கு நடந்து வந்துவிட்டார்கள். ஜூன் 29ஆம் தேதி கலப்பட ஒயினுக்கு எதிராகச் சட்டம் வந்தது.

இந்தக் கதையில் சங்கத்துக்காரர்கள் மறக்கக் கூடாத ஓர் இடம் உண்டு. போராட்டம் உச்சத்தில் இருந்தபோது ஆல்பெர் பாரிசுக்குப் போய் பிரதமர் கிளெமான்சோவைத் தனியாகப் பார்த்தார். பிரதமர் நல்ல வார்த்தை பேசி, திரும்பிப் போக ரயில் செலவுக்கு என்று 100 பிராங்க் நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். மனிதர் வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான். பிரதமர் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். ஐந்து லட்சம் பேர் பின்னால் வந்த தலைவன் ஒரே ராத்திரியில் தனி ஆளாகிவிட்டான். நம்ம பக்கம் நோட்டு வாங்கின ஆட்கள் கதையை நாங்கள் எழுத வேண்டியதில்லை. உங்களுக்கே தெரியும்.

ஆனாலும் அந்த விவசாயிகள் ஓயவில்லை. 1901லேயே மரொசான் கிராமத்தில் சிறு தோட்டக்காரர்கள் சேர்ந்து கூட்டுறவாக ஒயின் விற்க ஆரம்பித்திருந்தார்கள். அந்த வழியில் ஊருக்கு ஊர் கூட்டுறவு ஆலை எழும்பியது. அரை ஏக்கர், ஒரு ஏக்கர்காரன் பழமும் அங்கே எடை போடப்பட்டது. இன்றைக்குக் காசுக்கேற்ற நல்ல சிவப்பு ஒயின் என்று லாங்குடாக்கை உலகம் தேடுகிறது என்றால், அடியில் கிடப்பது இந்தக் கூட்டுறவுதான்.

இப்போது நம்ம தமிழ்நாட்டுக்கு வருவோம்.

தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, இராயப்பன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி. பன்னீர் திராட்சை விளைகிற பூமி. 1832இல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்த இனம் என்கிறார்கள். மஸ்கட் ஹாம்பர்க் என்பது வெளிநாட்டுப் பேர். கிட்டத்தட்ட வருஷம் பூராவும் காய்க்கும். 2023இல் கம்பம் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. பேர் வந்தாச்சு! விலை வந்ததா? வரத்து கூடி, மழை பிடித்து, விலை விழுகிற நாளில் கிலோ இருபதுக்கும் முப்பதுக்கும் கொடுத்துவிட்டு, பறிக்கிற கூலிக்கே பத்தாமல் திரும்புகிறான் தோட்டக்காரன். குளிர்பதனக் கிடங்கு, சாறு ஆலை, ஒயின் ஆலை என்று எத்தனை தேர்தலில் எத்தனை வாக்குறுதி! அந்த மாவட்டத்தில் ஒயின் ஆலை வராமல் இல்லை. ஆனால் தோட்டக்காரன் பங்குதாரனாக உட்காருகிற கூட்டுறவு ஆலை எங்கே?

உண்மையை மறைத்துப் பேசுவது எங்கள் வழக்கம் இல்லை. பன்னீர் திராட்சை முக்கியமாகச் சாப்பிடுகிற பழம். அதில் எடுக்கிற ஒயின் வாசனையாக, லேசாக, இனிப்புப் பக்கம் சாயும். பெரிய ஒயினுக்கு வேண்டிய அழுத்தம் அதில் வராது என்பார்கள். மழைக் காலத்தில் பறிக்கிற பழத்தில் சர்க்கரைச் சத்து குறையும், அதுவும் உண்மை. அதனால் என்ன? கம்பத்துக்காரன் போர்டோவோடு மல்லுக்கு நிற்கச் சொல்லவில்லை. விழுந்த விலைக்குப் பழத்தைக் கொட்டுகிற நாளில் ஒரு மாற்று வழி வேண்டும் என்கிறோம்.

மகாராஷ்டிராவில் செய்தார்களே! 2001இல் திராட்சை பதப்படுத்தக் கொள்கை போட்டு, ஒயினை மற்ற சாராயத்தோடு சேர்க்காமல் தனியாக வைத்து, கலால் வரியில் சலுகை கொடுத்தார்கள். நாசிக் இன்றைக்கு இந்தியாவின் ஒயின் ஊர். 2007இல் கர்நாடகமும் தனிக் கொள்கை போட்டது. அங்கேயும் பாலாறு தேனாறு ஓடவில்லை. 2008க்குப் பிறகு விற்பனை படுத்தபோது ஆலைக்காரர்கள் பழம் எடுக்கவில்லை, பல விவசாயிகள் கொடியையே பிடுங்கிப் போட்டார்கள். ஆலை ஒருத்தன் கையில், கொடி இன்னொருத்தன் கையில் என்றால் அடி விழுவது கொடிக்காரன் தலையில்தான். கூட்டுறவு என்று நாங்கள் கத்துவது இதற்குத்தான்.

இன்னொரு கூத்தையும் கேளுங்கள். 2022 டிசம்பர் 29ஆம் தேதி ஆஸ்திரேலியாவோடு வர்த்தக ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதுவரை வெளிநாட்டு ஒயினுக்கு 150 சதவீத இறக்குமதி வரி. பாட்டில் 5 டாலருக்கு மேல் இருந்தால் முதல் நாளே 100 சதவீதமாகக் குறைத்தார்கள், பத்து வருஷத்தில் 50 ஆக்குவதாகக் கணக்கு. 15 டாலருக்கு மேல் இருந்தால் 75, பிறகு 25. ஆஸ்திரேலியா தோட்டக்காரனும் விவசாயிதான், அவன் மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. அவனுக்காக அவன் அரசாங்கம் டெல்லியில் வந்து உட்கார்ந்து பேசியது. கம்பத்துக்காரனுக்காகப் பேச எந்த அரசாங்கம் எங்கே போய் உட்கார்ந்தது?

சரி, நம்ம ஊர்க் கடையில் என்ன விற்கிறது? பிராந்தி! பிராந்தி என்ற சொல்லுக்கு அர்த்தமே சுட்ட ஒயின். திராட்சை ஒயினைக் காய்ச்சி வடித்தது. நம்ம கடையில் விற்பதில் பெரும்பாலும் திராட்சை பேருக்குத்தான். சர்க்கரை ஆலையின் கழிவுப்பாகில் எடுத்த சாராயம், நிறமும் வாசனையும் சேர்த்தது. 1907இல் லாங்குடாக் விவசாயி எதை எதிர்த்து ரோட்டுக்கு வந்தானோ, அது இங்கே அரசாங்க முத்திரையோடு விற்கிறது. அந்தக் கழிவுப்பாகு யார் கரும்பு? நம்ம கரும்பு! கரும்புக்கு டன் கணக்கில் விலை, அதுவும் வருகிறபோது வரும். பாகிலிருந்து வருகிற பணத்தில் கரும்பு வெட்டினவனுக்கு ஒரு பைசா உண்டா? 2003 நவம்பரில் சில்லறைக் கடையையும் அரசாங்கமே எடுத்துக்கொண்டது. 2023-24இல் மட்டும் டாஸ்மாக் வருமானம் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதில் சாராயத்தில் 42.8 சதவீதம் போதை. ஒயினில் 12, 14. பனங்கள்ளில் 4, 5 தான்.

பனங்கள் என்று எழுதிவிட்டோம். இதுதான் நம்ம வீட்டு விஷயம்.

உத்திரமேரூர் ஏரிக்கரையிலும் நம்ம கழனி வரப்பிலும் நிற்கிற பனை யார் வைத்தது? நம்ம பாட்டன் பூட்டன். தண்ணீர் ஊற்றினதில்லை, உரம் வைத்ததில்லை. தமிழ்நாட்டின் மாநில மரம் அது. 2021 வேளாண் பட்ஜெட்டில் பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். நல்லது, வரவேற்கிறோம். அதற்கு முன்னால் செங்கல் சூளைக்கு எத்தனை ஆயிரம் மரம் போனது என்பது நமக்குத் தெரியும். ஆனால் ஏன் வெட்டி விற்றோம்? மரத்தால் வரும்படி இல்லாமல் போனதால்! வெட்டாதே என்கிற அரசு, ஏறிப் பிழைக்க வழி சொல்ல வேண்டாமா?

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. கலயத்தில் சுண்ணாம்பு தடவினால் பதநீர், சட்டப்படி சரி. சுண்ணாம்பு தடவ மறந்தால் கள், 1937ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், கேஸ். கள்ளுக்கடை 1971இல் திறந்தார்கள், பிறகு மூடினார்கள், 1981இல் திறந்தார்கள், 1987 ஜனவரியில் மூடினார்கள். மூடினது கள்ளைத்தான், சீமைச் சரக்கை இல்லை. மேற்கே கேரளாவில் கள் உண்டு, வடக்கே ஆந்திராவில் உண்டு, நாலு பஸ் மாறினால் புதுச்சேரியில் உண்டு. நடுவில் நம்ம மரத்தின் கள் மட்டும் விஷமா? ஜார்ஜியா என்று ஒரு சின்ன நாடு. மண்ணில் பெரிய ஜாடியைப் புதைத்து அதில் ஒயின் ஊற வைக்கிற நாட்டுப்புற முறை. 2006இல் ரஷ்யா அவர்கள் ஒயினை வாங்க மாட்டேன் என்று தடை போட்டது, 2013 வரை நீடித்தது. அவர்கள் ஜாடியை உடைக்கவில்லை, தரத்தை உயர்த்தினார்கள். 2013இல் யுனெஸ்கோ அந்த ஜாடி முறையைப் பாரம்பரியச் சொத்தாக ஏற்றுக்கொண்டது. அங்கே ஜாடிக்கு மரியாதை, இங்கே கலயத்துக்கு லாக்கப்!

இதை எழுதும்போது எங்கள் சங்கத்திலேயே எல்லோரும் ஒத்துப்போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறோம். கூட்டத்தில் ஓர் அம்மா எழுந்து கேட்டார்: "கள்ளு தொறந்தா எங்கூட்டுக்காரரு அங்கயும் போவாரு, இங்கயும் போவாரு. எனக்கு இன்னா லாபம்? நாலு பனை வெச்சிருக்கிறவனுக்குத்தான் லாபம்." யாரும் உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல முடியவில்லை. அந்த அம்மாவின் பயம் நியாயமானது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவு மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது, அதையும் நாங்கள் மறுக்கவில்லை. அரசு எல்லாக் கடையையும் மூடட்டும், நாங்கள் கள்ளைப் பற்றிப் பேசுவதை அன்றைக்கே நிறுத்துகிறோம். மூடாத வரைக்கும், ஆலைச் சாராயத்துக்கு முழு வாசல், மரத்துச் சாறுக்கு முழுத் தடை என்பதை ஏற்க முடியாது.

அந்த அம்மா கேட்டதற்குப் பிறகு எங்கள் கோரிக்கையையே மாற்றி எழுதினோம். கள்ளுக்கடை ஏலம் வேண்டாம். ஏலம் வந்தால் காண்டிராக்ட்காரன் வருவான், கலப்படம் வரும், பழைய காலத்துக் கதை திரும்பும். மரம் வைத்திருக்கிறவருக்கும் ஏறுகிறவருக்கும் மட்டும், மரக் கணக்குப்படி, கூட்டுறவுச் சங்கம் மூலமாக உரிமம் கொடு. எந்தக் கிராமத்தில் இறக்கலாம், எந்தக் கிராமத்தில் கூடாது என்பதைக் கிராம சபை முடிவு செய்யட்டும், பெண்கள் பாதிக்குக் குறையாமல் உட்கார்ந்த சபை. வேண்டாம் என்று சபை சொன்னால் அந்த ஊரில் வேண்டாம். அதே சபைக்கு டாஸ்மாக் கடையை மூடச் சொல்லும் அதிகாரமும் வேண்டும். ஒரு கண்ணில் வெண்ணெய், ஒரு கண்ணில் சுண்ணாம்பு கூடாது.

இது நடக்கிற காரியமா என்று நம்ம ஊர்க்காரன் கேட்கக் கூடாது. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டின கல்வெட்டு. குடவோலை போட்டு ஆள் எடுத்தார்கள். ஏரி வாரியம், தோட்ட வாரியம் என்று தனித்தனியாக வைத்தார்கள். கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்க முடியாது. அந்தக் காலத்தில் எல்லோருக்கும் அந்தச் சபையில் இடம் இல்லை, நிலமும் படிப்பும் உள்ள ஒரு கூட்டத்துக்கே இடம் என்பதும் தெரியும். இன்றைக்கு எல்லோருக்கும் ஓட்டு இருக்கிறது. ஆனால் தோட்டத்தைப் பற்றி முடிவு செய்கிற வாரியம் மட்டும் கோட்டையில் இருக்கிறது!

எனவே ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் இந்த மாத விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கப் போகிறோம். பனைக்கு மேலே சொன்ன உரிமம். கம்பம் தோட்டக்காரர்களுக்குக் கூட்டுறவுச் சாறு, ஒயின் ஆலை. அவர்கள் நம்ம நெல்லுக்குப் பேசட்டும், நாம் அவர்கள் பழத்துக்குப் பேசுவோம். நம்ம வட்டாரத்து நெல்லை நம்ம ஊர்ப் பேரிலேயே அரைத்து விற்க, பஜாருக்குப் பக்கத்தில் கூட்டுறவு அரவை மில். கழிவுப்பாகு வருமானத்தில் கரும்பு விவசாயிக்குப் பங்கு.

வருகிறவர்கள் வெறுங்கையோடு வரவேண்டாம். உங்கள் கழனி வரப்பில், வீட்டுக் கொல்லையில் எத்தனை பனை நிற்கிறது, அதில் ஆண் பனை எத்தனை, பெண் பனை எத்தனை, ஏறத் தெரிந்த ஆள் ஊரில் இன்னும் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று ஒரு வெள்ளைத் தாளில் எழுதி, சர்வே நம்பர் போட்டு, கையெழுத்துப் போட்டு எடுத்து வாருங்கள். கையெழுத்து வராத பெரியவர்கள் கைநாட்டு வையுங்கள். காலை முதல் பஸ்ஸுக்கு உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சங்கக் கொடியோடு நிற்போம். பஸ் செலவு அவரவர் பொறுப்பு. 100 பிராங்க் கதை ஞாபகம் இருக்கட்டும்.

இப்படிக்கு,
விவசாயிகள் சங்கம், உத்திரமேரூர் வட்டம்